கங்காணிப் பாசம்

பாப்பா, உனக்குப் பாத்திருக்கிற பையன் தங்கமான பையன்னு வீடே சொல்லுது. இருக்கட்டும். சனிக்கிழமை நீ ஐஓஐ மால்ல கூட்டாளிங்களோட நின்னா, "எங்க இருக்க, யாரு கூட இருக்க, லொகேஷன் போடு"ங்கிறான். போடலன்னா ராத்திரி பூரா பேச்சு மூச்சு இல்ல. மறுநாள் நீதான் மன்னிப்புக் கேக்குற. என்ன பாசம், என்ன பாசம்! எங்கப்பா காலத்துக் கங்காணிக்கு அப்புறம் இப்படி ஒரு பாசத்தை இப்பத்தான் கேள்விப்படுறேன்.

கங்காணின்னா உங்களுக்கெல்லாம் மீசையும் பிரம்பும்தான் ஞாபகம் வரும். பிரம்பு பின்னாடி வந்தது. முதல்ல வந்தது வெத்தலைப் பாக்கு. தோட்டத்துத் துரை வாங்கிக் குடுத்த, ஆள் பிடிக்கிற லைசென்ஸை மடியில வச்சுக்கிட்டு, மனுஷன் சொந்த ஊருக்கே போவாரு. சலவை வேட்டி, விரல்ல மோதிரம். மாமன் மச்சான்னு முறை வச்சுக் கூப்பிடுவாரு. ஊர்க் கடனை அடைக்க முன்பணம், வீட்டுக்காரிக்கு ஒரு சேலை, நாகப்பட்டினத்துல கப்பல் ஏத்துற வரைக்கும் சோறு. இலங்கைக்குப் போனவங்ககிட்ட, தேயிலைத் தூரைத் தோண்டினா தேங்காயும் மாசியும் கிடைக்கும்னு சொன்னதாக் கதை உண்டு. சொல்றவன் சொந்தக்காரனா இருந்தா, தோண்டிப் பாத்துட்டா கப்பல் ஏறுவாங்க?

இங்க மலாயாவுக்கு வந்து பால்மரத்தடியில நின்ன பிறகுதான் கணக்குப் புத்தகம் வெளிய வரும். முன்பணம், அரிசி, கடைப்பாக்கி. பல எடத்துல அந்தக் கடையும் அவரோடதுதான். எழுதுறது அவரு, கூட்டுறது அவரு, எவ்வளவு பாக்கின்னு சொல்றதும் அவரு. நம்மாளு எவ்வளவு வெட்டினாலும் பாக்கி பாக்கிதான். அவர் கொண்டாந்த ஆளு வேலைக்கு வந்தா, தலைக்கு இத்தனை காசுன்னு அவருக்குத் தினமும் வரும். அதனால எவனாவது காய்ச்சல்ல படுத்தா லயத்துக்கே ஓடி வந்து விசாரிப்பாரு. அக்கறை நிஜந்தான், நான் இல்லேங்கல. எதுமேல அக்கறைங்கிறதைத்தான் பாக்கணும்.

1938-ல இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலியாள் அனுப்புறதை நிறுத்துச்சு. ஆள் பிடிக்கிற கங்காணி அதோட முடிஞ்சாரு. தோட்டத்துல முடிஞ்சாரு, பாப்பா. கூலாய்ப் பக்கம் பால்மரம் போய் செம்பனை வந்து, செம்பனை பாதி போய் தாமான் வந்தாச்சு. அவரு மட்டும் லைசென்ஸ் இல்லாமலேயே வீட்டுக்கு வீடு குடியிருக்காரு.

நம்ம தாமான்லயே ஒருத்தர், விடியறதுக்கு முன்னாடி மோட்டார் எடுத்துக்கிட்டு ஜொகூர் பாலம் தாண்டி வேலைக்குப் போறவரு. பாவம், கடுமையான உழைப்பு. வீட்டுல எந்தப் பேச்சு எடுத்தாலும் "யாருக்காக இந்தப் பாடு படுறேன்?"ன்னு ஒரு கேள்வி, அதோட பேச்சு முடிஞ்சுது. பொண்டாட்டியோட பேங்க் கார்டு அவர் பர்ஸ்ல இருக்கு. "அவளுக்குக் கணக்குத் தெரியாது"ங்கிறாரு. அவ செனாய்ல ஒரு கம்பெனியில கணக்கெழுதுறவ.

ஆம்பளைங்களை மட்டும் சொல்றேன்னு நினைக்காதே. இன்னொரு அம்மா இருக்கு. மகன் தனிக்குடித்தனம்னு வாயத் திறந்தா நெஞ்சு வலி வந்துரும். டாக்டர் பாத்தா ஒண்ணும் இருக்காது. பேச்சை விட்டுட்டா அன்னைக்கு ராத்திரியே பரோட்டா ரெண்டு கூடவே இறங்கும். அந்த நெஞ்சுக்கு ஒரு குறையும் வராது, மகனைத்தான் கொஞ்ச நாளா ஆளைக் காணோம்.

இதைவிடப் பெரிய வித்தை ஒண்ணு இருக்கு. நீங்க கேஸ்லைட்டிங்னு சொல்றீங்களே, அதுவும் 1938-தான். பேட்ரிக் ஹாமில்டன் எழுதின நாடகம், லண்டன்ல போட்டாங்க. புருஷன் ராத்திரி ரகசியமா மாடிக்குப் போய் விளக்கேத்தி எவளோ ஒருத்தியோட நகையைத் தேடுறான். கேஸ் அந்தப் பக்கம் போறதால கீழ விளக்கு மங்குது. அவளுக்குத்தான் புத்தி கலங்கிப்போச்சுன்னு அவளையே நம்ப வைக்கிறான். லண்டன்ல விளக்கு, இங்க, "நான் எப்ப அப்படிச் சொன்னேன்? நீயா கற்பனை பண்ணிக்கிற." நாலு மாசம் இதைக் கேட்டா, சொந்தக் கண்ணை நம்பறதுக்கும் அவன்கிட்டதான் கேக்கணும். கணக்குப் புத்தகம் கைமாறிப்போச்சுன்னு அர்த்தம்.

சட்டம் இல்லையான்னு கேப்ப. இருக்கு. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-ல போட்டாங்க, மனசை வதைக்கிறதும் வன்முறைதான்னு 2012-ல திருத்தினாங்க. 15999 உதவி எண்ணுக்கு ராத்திரியிலயும் போன் பண்ணலாம். ஆனா அது புருஷன் பொண்டாட்டிக்கும் குடும்பத்துக்கும் உள்ள சட்டம். காதலிக்கிறவனுக்கும் நிச்சயம் பண்ணினவனுக்கும் அதுல எடமில்ல. தாலி ஏறின பிறகுதான் எட்டிப் பாக்கும். 2023-ல வந்த சட்டம் வேற. யாரா இருந்தாலும் சரி, திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொல்லை குடுத்தா மூணு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம். அதுவரைக்கும் போகாமலே ஆளைத் தெரிஞ்சுக்க வழி இருக்கு.

ஒரு சின்ன "முடியாது" சொல்லிப் பாரு. சண்டை போடாதே, அழாதே. "அடுத்த மாசம் கூட்டாளிங்களோட மலாக்கா போறேன்"னு சொல்லு. போகட்டுமான்னு கேக்காதே, போறேன்னு சொல்லு. நல்ல பையனா இருந்தா கொஞ்சம் மூஞ்சியத் தூக்குவான், அப்புறம் "வரும்போது எனக்குச் செண்டோல் தாப்பாவ் பண்ணிட்டு வா"ம்பான். மூஞ்சி தூக்கறது குத்தமில்ல, உங்க பாட்டி இன்னைக்கு வரைக்கும் தூக்கறா. ஆனா "உனக்காக நான் என்னென்ன பண்ணினேன் தெரியுமா"ன்னு போன தீபாவளிச் சேலையில ஆரம்பிச்சான்னா, கவனமாக் கேளு. ஒவ்வொண்ணா வரிசையா வருதா, தேதியோட வருதா? புத்தகத்தைத் திறந்துட்டான்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்ட என்னையும் கூட்டிட்டுப் போக உங்கப்பன் துடிக்கிறான். நீ மலாக்கா போய்ட்டு வர்ற வரைக்கும் எனக்கு முட்டி வலி, வெளிய கிளம்ப முடியாது. டாக்டர்கிட்ட மட்டும் என்னைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க.