செமினார் ஞானி

இயற்பியல் முதுகலை வகுப்பு ஒவ்வொன்றிலும் ஒரு செமினார் ஞானி உண்டு. தலைப்புப் பட்டியலை ஒட்டிய அன்றே அவரை அடையாளம் கண்டுவிடலாம். மற்றவர்கள் 'வெற்றிட பம்புகள்', 'எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு' என்று கைக்கு அடக்கமானதாகப் பார்த்துப் பெயரை எழுதிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்கள். ஞானி மட்டும் நின்று நிதானித்து, பட்டியலில் இல்லாத ஒன்றைக் கீழே எழுதுவார்: 'யாரும் பார்க்காதபோது நிலா இருக்கிறதா?' இன்டர்னல் மார்க்குக்காக நிலாவையே பணயம் வைக்கும் துணிச்சல் அவருக்குத்தான் வரும்.

செமினார் அன்று ஒரு வாரத் தாடியோடு வருவார். முதல் ஸ்லைடில் நாக்கை நீட்டும் ஐன்ஸ்டைன். அடுத்ததில் ஷ்ரோடிங்கரின் பூனை. 1935-ல் பெட்டிக்குள் போன அந்தப் பாவப்பட்ட ஜீவனுக்கு நம் கல்லூரிகளில் இன்னும் விடுதலை இல்லை. மூன்றாவதில், 'அளப்பதற்கு முன் எலக்ட்ரானுக்கு இடம் என்று ஒன்று உண்டா?' பதினெட்டாவது ஸ்லைடிலும் அதே கேள்விதான். எழுத்து மட்டும் பெரிதாகியிருக்கும்.

நடுவே லேசர், படிகம், டிடெக்டர் என்று கோடிழுத்த படம் ஒன்று மின்னி மறையும்.

"இது எக்ஸ்பெரிமென்டல் செட்டப். டைம் இல்லாததால ஸ்கிப் பண்றேன் மேம்."

விஷயமே அந்த ஸ்லைடில்தான் இருக்கிறது. ஐன்ஸ்டைனும் நீல்ஸ் போரும் ஆண்டுக்கணக்கில் வாதாடியும் முடியாத வழக்கை, அளந்து பார்க்கக்கூடிய ஒரு சமனின்மையாக 1964-ல் மாற்றியவர் ஜான் பெல். 1972-ல் கிளாசரும் ஃப்ரீட்மனும் கலிஃபோர்னியாவில் கழித்துப்போட்ட சாமான்களையும் பொறுக்கிச் சேர்த்து, கருவி கட்டி அளந்தார்கள். துகள்கள் ஏதோ மறைமாறியை வைத்து முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு விடை சொல்கின்றன என்ற விளக்கம் அப்போதே ஆட்டம் கண்டது.

"டிடெக்டர் நூறு ஃபோட்டான்ல எத்தனையைப் பிடிக்கும் தம்பி?" என்பார் பின்வரிசை மூத்த பேராசிரியர்.

"சார், பிடிக்கிறதுன்னா என்னங்கிறதே ஒரு ஃபவுண்டேஷனல் கேள்வி சார்."

பிடிபடாமல் நழுவிய ஃபோட்டான்களும் இந்த வாதத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தன. 2015-ல் டெல்ஃப்டில் 1.3 கி.மீ. இடைவெளியில் இரண்டு வைரத் துண்டுகளை வைத்துத்தான் முக்கிய ஓட்டைகளை ஒருசேர அடைத்தார்கள். ஞானியிடம் அதைச் சொல்லவும் முடியாது. அதற்குள் புரொஜெக்டர் அணைந்திருக்கும். அட்டெண்டர் அண்ணன் வந்து கேபிளை ஓர் அழுத்து அழுத்துவார், பூனை திரும்பிவரும். இது லேசுப்பட்ட வேலையில்லை. 2011-ல் நியூட்ரினோ ஒளியை 60 நானோ விநாடி முந்திவிட்டது என்று உலகமே பரபரத்ததற்கும், சரியாகச் செருகாத ஒரு கேபிள்தான் முக்கியக் காரணம்.

பிராக்டிகல் நாளில் ஞானி வேறு ஆள். குவாண்டம் அளவீட்டுச் சிக்கலை முக்கால் மணி நேரம் விளக்கியவருக்கு, வெர்னியரில் எந்தக் கோடு எந்தக் கோட்டோடு சேர்கிறது என்பது விளங்காது. ஆனாலும் ரீடிங் எப்படியோ வந்துவிடும். எக்ஸ்டெர்னல் அவரை ஒரு மூலையிலும் நண்பரை எதிர் மூலையிலும் நிறுத்தினாலும், இரண்டு தாளிலும் மூன்றாவது தசமம் வரை ஒரே விடை. டெல்ஃப்ட்காரர்கள் பார்த்தால் மூர்ச்சையாகிவிடுவார்கள். எங்கள் துறையில் யாரும் அசருவதில்லை. இங்கே மறைமாறி நிச்சயம் உண்டு: போன வருட சீனியரின் ரெக்கார்ட் நோட்டு.