ஒரு லாரி உப்பு எதுக்கு மருமவனே?

"மாமா, தோட்டத்து வீட்டுல உப்புத்தண்ணி நீச்சல் குளம் கட்டியாச்சு, ஒரு லாரி உப்பு அனுப்புங்க"ன்னு கோயமுத்தூர்லேருந்து போன் போட்டியே மருமவனே, தூத்துக்குடிக்காரன் உப்பு இல்லேன்னா சொல்லுவேன்? ஆனா கணக்கைக் கேளு. உன் குளம் பிடிக்கிறது 50,000 லிட்டர். லாரியில வாரது பத்து டன். அம்புட்டையும் கொட்டுனா லிட்டருக்கு 200 கிராம். கடல்லயே 35 கிராம்தாம்லே. மல்லாக்கப் படுத்து மெதந்துக்கிட்டே பேப்பர் படிக்கலாம், குளிக்கத்தான் முடியாது.

உனக்கு வேண்டியது லிட்டருக்கு மூணு கிராம் சொச்சம். மொத்தமே 160 கிலோ. அழுத கண்ணுல வார தண்ணியில இதைவிட ரெண்டு மடங்குக்கு மேல உப்பு இருக்கும். உன் போர் தண்ணியில ஏற்கெனவே எவ்வளவு கெடக்குன்னு மொதல்ல சோதிச்சுப் பாத்து அதையும் கழிச்சுக்க.

குளோரினே இல்லாத குளம்னு அக்காகிட்ட வேற பெருமையடிச்சியாம். உப்பு செல்லுன்னு காசைக் கொட்டி வாங்குதியே, அது பாக்குற வேலையே உப்புத்தண்ணியில கரண்டை விட்டு குளோரின் எடுக்குறதுதான். கடையில டப்பாவா வாங்குனதை இப்ப வீட்டுலயே ஃபேக்டரி வச்சுத் தயார் பண்ணுதே. கிருமியைக் கொன்னுட்டு அது மறுபடி உப்பாவே திரும்பிரும். வெயில்ல வத்துறதும் தண்ணிதான், உப்பு இல்ல. கொறைஞ்சா வெறும் தண்ணியை விடு. ஃபில்டரைக் கழுவி வெளியேத்துனா, மழையில நெறஞ்சு வழிஞ்சா மட்டும் உப்பைப் பாத்துப் போடு.

இப்ப என்ன உப்புன்னு கேப்பே. நம்ம ஊரு அளத்து உப்பு வேண்டாம். ஆமாலே, நாந்தான் சொல்லுதேன்! உப்பு அடர்த்தி பாக்குற மானியை முக்கி 25 டிகிரி காட்டுனாத்தான் பாத்தியில உப்பு எறங்கும். அதுக்கு முன்னாடியே ஜிப்சம் படிய ஆரம்பிச்சிரும். 29-ஐத் தாண்டவிட்டா மக்னீசியக் கசப்பும் கூடச் சேரும். வாரிக் குவிச்சதை ஒரு கை அள்ளிப் பாரு, அடியில சாம்பல் நெறத்துல களி ஒட்டிக்கிட்டு நிக்கும். கருவாட்டுக்கு அது போதும். உன் செல்லுத் தகட்டுல சுண்ணாம்பா அப்பிக்கிடும், இரும்புச்சத்து டைல்ஸுல கறையாப் படியும். அதுக்காக சமையக்கட்டுப் பாக்கெட்டை ஒடைக்காதே. அதுல அயோடினும் இருக்கு, கட்டி பிடிக்காம இருக்கப் போடுற மருந்தும் இருக்கு. ரெண்டும் கலக்காத, 99 சதத்துக்கு மேல சுத்தமான சுத்திகரிச்ச உப்பாக் கேளு.

செல்லு விக்க வாரவன் "50,000 லிட்டர் குளத்துக்கு 50,000 லிட்டர் செல்லு, பொருத்தம் பிரமாதம்"பான். தலையாட்டிராதே. அது நாள் முழுக்க மூச்சு வாங்க ஓடுனாத்தான் காணும். 75,000-க்கு உள்ளதா வாங்கு, மூச்சு வாங்காம ஓடட்டும். உள்ளே டைட்டானியத் தகடு, மேல ருத்தீனியம் பூச்சு. பூச்சு தேஞ்சா செல்லு அவுட்டு. சில வருசத்துக்கு ஒருக்கா மாத்துற செலவு உண்டுன்னு அவன் வாயைத் தொறக்கமாட்டான். போர் தண்ணிக்குக் கரண்டு தெசையை மாத்தி மாத்தி விட்டு தகட்டைத் தானே சுத்தம் பண்ணிக்கிடுற ரகம்தான் சரி. ஃபில்டர், ஹீட்டர் எல்லாத்துக்கும் கடைசியா மாட்டச் சொல்லு.

உப்பு போட்ட அன்னைக்கே சுவிச்சைத் தட்டிராதே. பம்பை மட்டும் ஒரு நாள் ஓட்டு, நல்லாக் கரையட்டும். அப்புறம் பிஹெச் ஏறிக்கிட்டேதான் இருக்கும், 7.6-ஐத் தாண்டினா ஆசிட் ஊத்தணும். "கெமிக்கலே வேண்டாம்"னு சொன்னவன் வீட்டுல ஆசிட் கேன் நிக்கும், வெயில்ல குளோரின் பறக்காம இருக்க ஸ்டெபிலைசர் டப்பாவும் நிக்கும். விருந்தாடி வரும்போது ஒளிச்சு வச்சுக்க.

பளபளன்னு ஏணி வாங்கியிருக்கியாமே, 304 ஸ்டீலா, 316-ஆ? 304-ன்னா துருப்புள்ளி வாரதுக்குள்ள கடைக்காரன்கிட்ட மாத்திரு. கரையில கடப்பாக்கல் வேற. அது சுண்ணாம்புக்கல்லுலே, ஆசிட் சிந்துனா நொரைச்சுக்கிட்டு அரிக்கும். கிரானைட் போட்டிருக்கலாம், போட்டாச்சு, இனி தெறிக்கிற உப்புத்தண்ணியை நல்ல தண்ணி ஊத்திக் கழுவிக்கிட்டே இரு.

ஃபில்டர் கழுவுன தண்ணியை வாழைக்கு மட்டும் விட்டிராதே. தென்னைன்னா கொஞ்சம் தாங்கும், அதுக்கு நாமளே மூட்டுல உப்புப் போடுற ஆளுகதான.