பீரோக் கண்ணாடி

கல்யாண வீடோ கருமாதி வீடோ, பந்தி முடிந்ததும் எங்கள் குடும்பத்தில் ரம்மிக்கு ஜமுக்காளம் விரித்துவிடுவார்கள். சித்தப்பா வீட்டில் ஆட்டம் என்றால் எனக்குத் தனி மரியாதை. "டேய், நீ ஃபேனுக்கு நேரா உட்காருடா" என்பார். அந்த இடத்துக்குப் பின்னால் பீரோ, பீரோவில் ஆளுயரக் கண்ணாடி. இதை நான் கவனிக்கப் பதினோரு வருஷம் ஆனது. அதற்குள் வாங்கிய ஃபுல்லுக்குக் கணக்கில்லை.

2020 ஊரடங்கில் ஜமுக்காளத்துக்கு வழியில்லாமல் போக்கருக்கு மாறினோம். ஆளுக்கொரு போன், காசில்லாத வெறும் சிப்ஸ், ஞாயிறு ராத்திரி டோர்னமென்ட், அரட்டைக்கு வாட்ஸப் குரூப் கால். பீரோ இல்லாத ஆட்டம்! இனி நியாயம்தான் என்று நம்பினேன்.

2007 கதை அப்போது எனக்குத் தெரியாது. அப்சல்யூட் போக்கர் என்ற தளத்தில் ஆயிரம் டாலர் கட்டி ஆடும் போட்டி ஒன்றில் 'பாட்ரிப்பர்' என்ற பெயரில் ஆடியவர் ஜெயித்தார். கடைசிக் கையில் எதிராளி இருப்பதையெல்லாம் வைத்தபோது, ஒரு ஜோடிகூடச் சேராத வெறும் பத்தை நம்பி ஈடுகட்டியிருந்தார். தோற்றவர் சந்தேகப்பட்டு ஆட்டப் பதிவைக் கேட்டார். தளம் தன் வண்டவாளத்தைத் தானே எக்செல் கோப்பாக அனுப்பிவைத்தது. அதில் எல்லாருடைய சீட்டும் இருந்தது! மூன்றாவது கையிலிருந்து ஒரு பார்வையாளர் அந்த மேசையிலேயே நின்றிருக்கிறார். அவர் வருமுன் பாட்ரிப்பர் இரண்டு கையை ஃபோல்டு செய்தார், அதாவது ஆடாமல் விட்டார். வந்தபின் இருபது நிமிஷம் எடுத்த எடுப்பில் ஒரு கையையும் விடவில்லை. பிறகு ஒன்றை மட்டும் விட்டார். அந்தக் கையில் இன்னொருவரிடம் இரண்டு ராஜா. எல்லார் சீட்டும் தெரிகிற கணக்கு அந்தப் பார்வையாளருடையது. பீரோதான், வேறென்ன.

அடுத்த வருஷம் அல்டிமேட் பெட் தளத்திலும் ஒரு பீரோ அகப்பட்டது. கானவாகே சூதாட்ட ஆணையம் முக்கியப் பொறுப்பாளி என்று காட்டிய ரஸ் ஹாமில்டன் 1994 உலகப் போக்கர் சாம்பியன். அந்த வருஷம் பத்து லட்சம் டாலரோடு எடைக்கு எடை வெள்ளியும் பரிசு வாங்கியவர். துலாபாரம் நாம் சாமிக்குக் கொடுப்பது. அங்கே ஆசாமிக்கே கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இரண்டு ராஜாதான் காட்டிக்கொடுத்தது. சித்தப்பாவும் சித்தியும் ஒரே சோபாவில் இரண்டு போனோடு உட்காருவார்கள். இருவரும் மாறி மாறிப் பந்தயத்தை ஏற்றுவார்கள்; நடுவில் மாட்டியவன் நசுங்கி வெளியேறியதும் 'செக்', 'செக்' என்று சாந்தமாகிவிடுவார்கள். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்த சித்தியின் குரல்: "ஏங்க, எனக்கு ரெண்டு ராஜா!"

உலகத்திலேயே வேகமான ஃபோல்டு அதுதான். ஆறு வீட்டில் ஆறு பேர் ஒரே நொடியில் சீட்டைப் போட்டோம். "என்ன எல்லாரும் ஒண்ணாப் போயிட்டீங்க?" என்றார் சித்தி. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மூன்று ஞாயிறும் திறக்கவில்லை. மைக் பாட்டுக்கு ஓடியது. நானும் இரண்டு டோர்னமென்ட் ஜெயித்தேன்.

மூன்றாவது வாரம் சித்தப்பாவே கண்டுபிடித்தார். "அப்ப எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேதான் ஆடுனியாடா?" குரலில் அப்படியொரு தார்மீகக் கோபம். "காது தானா கேட்டுச்சு சித்தப்பா" என்றேன்.

ஊரடங்கு முடிந்து சித்தப்பா வீட்டுக்குப் போனபோது மறுபடி ஜமுக்காளம். "வா, ஃபேனுக்கு நேரா உட்காரு." இந்தமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கண்ணாடியில் சரியாகக் கைச்சீட்டு தெரியும் உயரத்தில், இடைவெளியே இல்லாமல் சித்தியின் ஸ்டிக்கர் பொட்டுகள்.