இட்லி ஊரில் என்ன கவலை?

கேள்வி: எனக்கு சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் க்ளூட்டன் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ‘இட்லி, தோசை சாப்பிடும் ஊரில் உனக்கென்ன கவலை?’ என்கிறார்கள் உறவினர்கள். நிஜமாகவே கவலை இல்லையா?
- வாசகி, திருச்சி

பதில்: இட்லி நிரபராதி. பக்கத்தில் இருக்கும் சாம்பாரை விசாரியுங்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். ரவையும் கோதுமைதான், பெயரில் இட்லி இருக்கிறதே என்று ரவா இட்லியை நம்பிவிடாதீர்கள். மால்ட் பானம் என்றால் பெரும்பாலும் பார்லி, அதுவும் ஆகாது. ஓட்டலிலோ பரோட்டா போட்ட கல்லிலேயே உங்கள் தோசையும் வேகும், சமோசா பொரித்த எண்ணெயிலேயே உளுந்து வடையும் நீந்தும்.

‘ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது’ என்று கேசரியை நீட்டும் அத்தைக்குக் கணக்கு சொல்லுங்கள்: ‘க்ளூட்டன் இல்லாதது’ என்று லேபிள் ஒட்ட நம் நாட்டில் அனுமதிக்கும் வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அத்தையின் ஒரு வாய் அதைப் பல மடங்கு தாண்டும். (கேட்டுவிட்டு ‘அப்ப பாதி வாய்?’ என்பார். அசராதீர்கள்.)

இதே நோயுள்ள ஒருவரைச் சிநேகம் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பெருங்காயம் தேறும், எந்த ஓட்டலில் தோசைக்குத் தனிக் கல் என்ற விவரமெல்லாம் டாக்டரின் சீட்டில் வராது.

உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இந்த நோய் இருக்க வாய்ப்பு அதிகம், அவர்களையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்பே அவர்கள் கோதுமையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் நோய் இருந்தும் ரத்தப் பரிசோதனை இல்லை என்று காட்டிவிடலாம்.