கண்டி மேடும் கிழக் காரும்: ஓர் ஆய்வுரை

யானைக்கும் குதிரைக்கும் சாத்திரம் எழுதி வைத்த பரம்பரை நம்முடையது. இருபது வயது தாண்டிய மலிவுக் காருக்கு மட்டும் இன்றுவரை ஒரு வரி கிடையாது. அந்தக் குறை தீர எழுந்ததே இவ்வாய்வு. இதன் எல்லை: மேற்கே கடுகண்ணாவை, வடக்கே கட்டுகஸ்தோட்டை, கிழக்கே தென்னக்கும்புர, தெற்கே ஹந்தானை. இதற்கு வெளியே இதன் முடிவுகள் செல்லுபடியாகா. யாழ்ப்பாணத்தில் ஒஸ்டினும் மொறிஸ் மைனரும் நெடுங்காலம் ஓடியதை யாரும் எதிர்ச்சான்றாகத் தூக்கி வர வேண்டாம். அங்கே கார் ஏற வேண்டிய மேடு பாலம் ஒன்றுதான்.

மாதிரியாகக் கொண்டது மாருதி 800. டில்லிக்கு அருகே குர்கானில் 1983 டிசம்பரில் முதல் காரின் சாவியைக் கையளித்தவர் இந்திரா காந்தி. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. மூன்று சிலிண்டர், 796 சீசீ, 12 அங்குலச் சக்கரம், எடை ஏறத்தாழ 650 கிலோ. சின்னக் குடும்பம் ஒன்று சிக்கனமாகப் போய்வரச் செய்த கார். கண்டியில் அதே கார் அந்தக் குடும்பத்தோடு மாமியாரையும் மாத்தளையில் மலிவாகக் கிடைத்த இரண்டு பலாக்காயையும் ஏற்றிக்கொண்டு அம்பிட்டிய மேட்டில் முக்குகிறது.

வேறு கார் வாங்கலாமே என்பவர் நாட்டு வரலாறு அறியாதவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். வயது ஏற ஏற விலை இறங்கும் என்ற பொருளியல் விதி அந்த ஐந்து ஆண்டில் இங்கே தலைகீழானது. கூரைக்கடியில் கோழி அடைந்த கார்களுக்குக்கூடத் தரகர் வந்து போனார்கள்.

இனி நோயியல். மனிதனுக்குச் சொன்ன வாதம், பித்தம், கபம் மூன்றும் கிழக் காருக்கும் பொருந்தும். வாதம் மூட்டில் வரும்: போல் ஜொயிண்ட், ஷொக் அப்சோர்பர், ஸ்டியரிங் ரேக். குழியில் விழும்போது ‘டொக்’ என்றால் தொடக்கம். ‘டொக் டொக்’ என்றால் முற்றிய நிலை. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினால் குணமாகும் என்பது உரிமையாளர் மரபு. கபம் கார்புரேட்டரில் சேரும். அதிகாலை இருமல் அதன் அறிகுறி. இரண்டையும் இத்துடன் விட்டுவிடலாம். கண்டிக் காரின் தலையாய நோய் பித்தம், அதாவது சூடு.

கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், ஏறத்தாழ 500 மீற்றர் உயரமுள்ள கண்டியில் 98 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 போதும். இதை அறிந்துதான் ரேடியேட்டருக்கு ஸ்பிரிங் வைத்த மூடி போட்டிருக்கிறார்கள். உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து, கொதிநிலையை 120 பாகைக்குக் கிட்டக் கொண்டுபோவது அந்தச் சின்ன மூடியின் வேலை. ஸ்பிரிங் தளர்ந்தாலோ றப்பர் வெடித்தாலோ அந்த 20 பாகைப் பாதுகாப்பும் போயிற்று. காரில் மிக மலிவான பாகங்களில் ஒன்று இது. ஆகவேதான் யாரும் மாற்றுவதில்லை.

அடுத்தது தர்மோஸ்டாட். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் மறித்து நிற்கும் வால்வு அது. வயதானால் மூடியபடியே இறுகிக்கொள்ளும், எஞ்சின் கொதிக்கும். கராஜில் கிடைக்கும் தீர்வு அதைக் கழற்றி வீசுவது. “இந்த ஊருக்கு அது தேவையில்ல சேர், குளிர் நாட்டுக்குத்தான் அது.” மார்கழி விடியலில் ஹந்தானையில் நடுங்கிக்கொண்டே இதைக் கேட்டுத் தலையாட்டியவர்கள் ஏராளம். கழற்றிய பிறகு எஞ்சின் நேரத்துக்குச் சூடாகாது, பெற்றோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். ஆனால் அன்றைக்குக் கொதிக்காது. கராஜ் நூலில் அன்றைக்குக் கொதிக்காததற்குப் பெயர் குணம்.

மூன்றாவது குழாய்த் தண்ணீர். கூலண்ட் ஊற்றினால் கொதிநிலையும் கூடும், துருவும் பிடிக்காது. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவதா என்று வழியில் கண்ட பீலியிலேயே பிடித்து ஊற்றுவது மலைநாட்டு வழக்கம். சில ஆண்டில் அலுமினிய ஹெட் அரித்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் செங்காவியால் அடைபடும். பிறகு ஒரு பெரஹரா நாளில், வீதிகளை மூடிவிட்டுக் கட்டம்பேயிலிருந்து எல்லோரையும் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது, ஹெட் காஸ்கட் போகும்.

இதைக் கண்டறியும் முறைக்குச் சைவ சித்தாந்தம் கைகொடுக்கிறது. அளவை மூன்று. உரையளவை: பக்கத்தில் நிறுத்திய த்ரீவீல் அண்ணன், “ஹெட்டு போயிருச்சு போல” என்பது. கருதலளவை: சைலன்சரில் வெள்ளைப் புகை வருவதால் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தது என்று ஊகிப்பது. காட்சியளவை: எஞ்சினுக்கு மேலுள்ள ஒயில் மூடியைத் திருகித் திறந்து அதன் அடிப்புறத்தைப் பார்ப்பது. பழைய ஒயில் பிளேன் டீ நிறத்தில் இருந்தால் கவலையில்லை. பால் டீயாக, ஓரத்தில் ஆடையும் கட்டியிருந்தால், தண்ணீரும் ஒயிலும் கலந்துவிட்டன. குளிர்காலத்தில் குறுந்தூரம் ஓடிய காரிலும் கொஞ்சம் ஆடை படியும். ஆகவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்றும் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

கராஜில் கேள்வி: “எவ்வளவு வரும் பாஸ்?”

“கழட்டிப் பாத்தாத்தான் சொல்லலாம் சேர்.”

கேலிக்குரிய பதில் அல்ல இது. ஹெட் வளைந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று கழற்றாமல் சொல்பவரை நம்பக் கூடாது. இக்கட்டான விஷயம் ஒன்றுதான்: கழற்றிய பிறகு காரும் பேரமும் அவர் கையில்.

பித்தத்துக்கு இறக்கத்திலும் விலக்கில்லை. 1820களில் கடுகண்ணாவை வழியே பாதை வெட்டிய ஆங்கிலப் பொறியியலாளர் கப்டன் டோசனுக்கு அங்கே கோபுரம் நிற்கிறது. அதைத் தாண்டி மாவனல்லை வரை பிரேக்கை மிதித்தபடியே இறங்குபவர் கவனிக்க: டொட் 3 வகைப் பிரேக் ஒயில் புதிதாக 205 பாகை வரை தாங்கும்; ஈரம் குடித்த பிறகு 140. ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், கண்டியில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், மிதி பஞ்சாகும். இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். “பெற்றோல் மிச்சம்” என்று நியூட்ரலில் விடுபவர்களைப் பற்றி எழுத இவ்வாய்வாளருக்கு மனமில்லை.

கிளச் பிளேட்டைக் கொல்வது மேட்டு நெரிசலில் அரைக் கிளச்சில் நிற்பது. ஹேண்ட் பிரேக் பிடிக்காத கார்களில் பின்சீட்டுப் பையன் கல்லோடு குதிப்பான். அந்தக் கல் காரோடு சேர்த்தே விற்கப்படுகிறது.

பொருளியலுக்கு வருவோம். 2022 தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் ஜூன் முடிவில் 470 ஆனது. பிறகு எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தது. காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த நாட்களில் மாருதிக்காரர் நிமிர்ந்து நடந்தார். ஆனால் அவருடைய கணக்கில் பெற்றோல் மட்டும்தான் செலவு. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் போட்டுவிட்ட பழைய கியர்பெட்டி, அடித்தகட்டுத் துருவுக்கு டிங்கரிங், காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் எதுவும் ஏறாது. 2008 முதல் அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் தேவை. முதல் நாள் கார்புரேட்டரை இறுக்கிப் பத்திரம் எடுத்து, மறுநாள் தளர்த்திக்கொள்வது கபத்துக்கான ஆண்டு வைத்தியம்.

விற்கவும் மாட்டார். “இப்பத்தான கிளச் போட்டேன், வித்தா வாங்குறவன்தான அனுபவிப்பான்?” கிளச்சுக்குப் பிறகு ரேடியேட்டர், ரேடியேட்டருக்குப் பிறகு ஹெட். எப்போதும் ஏதோ ஒன்று இப்போதுதான் போட்டதாக இருப்பதால், விற்கும் நாள் வருவதே இல்லை.

ஆய்வின் முடிபு இது: கண்டியில் கிழக் காரை வீழ்த்துவது வயதும் மேடும் சேர்ந்து கால்வாசி, மூடியிலும் கூலண்டிலும் பிரேக் ஒயிலிலும் மிச்சம் பிடித்த காசு முக்கால்வாசி.

வாங்கப் போகிறவர்களுக்கு: எஞ்சின் ஆறியிருக்கும் காலையில் போங்கள். சூடாக இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், முகம் வெந்துவிடும். ஆறியிருந்தால் ரேடியேட்டர் மூடி, ஒயில் மூடி இரண்டையும் திறந்து பாருங்கள். பிறகு நாலு பேரை ஏற்றிக்கொண்டு அம்பிட்டிய மேட்டில் ஒருதரம் போய்வரலாமா என்று கேளுங்கள். “டேங்க்ல பெற்றோல் இல்ல சேர்” என்று பதில் வந்தால், டீயைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.