கரிசலுக்கு எந்தக் கார்?

கேள்வி: வாரம் முழுக்க மதுரை, திருநெல்வேலி என்று ஓட்டம். ஞாயிறானால் விளாத்திகுளம் பக்கம் காட்டுக்குப் போகணும். வோல்வோ வி90 கிராஸ் கன்ட்ரி ஒன்று பழசாக விலைக்கு வருகிறது. வீட்டிலோ எஸ்யூவிதான் வேணும் என்கிறார்கள். எதை வாங்க?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: அந்த வோல்வோ வேகனையே வாங்குங்க, அண்ணாச்சி! நாலுவழிச் சாலையில் தாழ்ந்த வண்டிக்குத்தான் பிடிமானம். வளைவில் சாயாது, பின்சீட்டுப் பிள்ளைகளுக்குக் குமட்டாது. 'காட்டுப் பாதையில் அடி தட்டுமே' என்பார்கள். தரைக்கும் இதற்கும் 210 மி.மீ. இடைவெளி, நம்மூரில் ஓடும் பல எஸ்யூவிகளுக்கு அவ்வளவு கிடையாது.

1992-இல் டாடா எஸ்டேட், 2004-இல் இண்டிகோ மெரினா என்று வேகன்கள் வந்தும் நாம் ஒதுக்கிவிட்டோம். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

ஐப்பசி மழை இறங்கிவிட்டால் மட்டும் கணக்கு வேறு. கரிசல் தண்ணீரைக் குடித்து உப்பும். டயர் பள்ளங்களில் அப்பி, நாலு சுற்றுக்குள் டயர் கொழுக்கட்டையாகிவிடும். அப்புறம் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தாலும் வழுக்கல்தான். கோடி ரூபாய் எஸ்யூவியும் டிராக்டர் வரும்வரை காத்துக்கிடக்கும். மண் காயும்வரை வண்டியைத் தார்ச்சாலையிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள். உளுந்தும் பாசியும் கோபித்துக்கொள்ளாது.

வீட்டில் முழங்கால் வலிக்கார ஆச்சி இருந்தால், அட்வான்ஸ் கொடுக்குமுன் அவரைப் பின்சீட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். அவர் முகம் சுளித்தால் என் தீர்ப்பு ரத்து, எஸ்யூவியே வாங்குங்கள்.