வாழைத்தண்டும் வைத்தியரும்

கேள்வி: சிறுநீரகக் கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு போதாதா? சஸ்திர சிகிச்சை அவசியந்தானா?

பதில்: 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கல் பெரும்பாலும் தானாகவே விடைபெற்றுக்கொள்ளுமாதலால், அதன் கீர்த்தியை வாழைத்தண்டு தட்டிக்கொண்டு போவதில் எனக்கு ஆட்சேபமில்லை. போக மனமின்றிக் குடியேறிவிட்ட கல்லை, 1980-இல் மியூனிக் வைத்தியர்கள் முதன்முதலாக மனிதரிடம் பிரயோகித்த அதிர்வலையால் வெளியிலிருந்தே நொறுக்கலாம். அல்லது சிறுநீர் வரும் வழியிலேயே மெல்லிய குழலை மேலேற்றி, லேசர் கதிரால் பொடிசெய்யலாம். 2 சென்டிமீட்டரைத் தாண்டிய மகாகல்லுக்கோ, முதுகுப்புறத்தில் விரற்கடையளவு துவாரமிட்டு, உள்ளேயே உடைத்து எடுப்பது வழக்கம். விலாவோரம் நீளக் கிழித்த பழைய முறை இன்று அபூர்வம். ஆனால் வலியோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் சேர்ந்தால், சாறு பிழிந்துகொண்டிராமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்போது வைத்தியர்களே கல்லைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, முதலில் குழாய் வைத்து அடைபட்ட சிறுநீரைத்தான் வடிப்பார்கள்.